மெஹருன்னிசா வீட்டுச் செட்டு

மெஹருன்னிசாவுக்கு இங்கிலீஷில் தெரிந்தது ஒரே ஒரு சொல்தான். அதுவும் பள்ளிக்கூடத்தில் படித்து வந்ததில்லை. கொழும்பிலிருந்து ரயிலும் கப்பலுமாக வந்து, தனுஷ்கோடியில் சுங்கக்காரர்கள் கிளறிப் போட்டதையும் தாங்கிக்கொண்டு, தகரப்பெட்டிக்குள் வைக்கோலோடு வைக்கோலாக அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்த சொல். செட்டு.

அவள் புருஷன் வாவு முகம்மதுக்குக் கொழும்பில் துணிக்கடை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, சில சமயம் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, கீழக்கரைக்கு வருவார். வரும்போதெல்லாம் பெட்டிக்குள் ஏதாவது ஒரு செட்டு இருக்கும். கல்யாணமான புதிதில் வளையல் செட்டு. மகள் மஜீதா பிறந்த பிறகு டீ செட்டு. இன்னொருமுறை கத்தரிக்கோலும் நகவெட்டியும் சின்ன இடுக்கியும் ஒரே தோல் பைக்குள் அடங்கிய ஒரு செட்டு. அது எதற்கென்று தெருவில் ஒருவருக்கும் விளங்கவில்லை. மெஹருன்னிசா அந்த இடுக்கியை எடுத்து மீன் முள் பிடுங்க வைத்துக்கொண்டாள். நன்றாகவே பிடுங்கியது.

அப்புறம் பார்த்தால் அந்தச் சொல் ஊருக்குள்ளும் குஞ்சு பொரித்துப் பெருகிக்கொண்டு போனது. ராமநாதபுரத்தில் ரேடியோ செட்டு வந்துவிட்டது என்றார்கள். கமுதிப் பக்கம் மிளகாய்க் கொல்லைகளில் பம்பு செட்டு இறைக்கிறது என்றார்கள். உத்தரகோசமங்கைக் கூத்தையா மைக் செட்டு வாங்கி, இந்து வீடு, முஸ்லிம் வீடு, மாதா கோயில் என்று பார்க்காமல் எல்லாக் கல்யாணத்திலும் குழாயைக் கட்டிப் பாட விட்டான். கடைத்தெருவில் சீட்டாடும் நாலு பேரும் ஒரு செட்டுத்தான். கடிகாரம் நின்றுபோனால் அதையும் செட்டுப் பண்ணத்தான் எடுத்துப் போனார்கள். வெள்ளைக்காரன் ஊரைவிட்டுப் போகும்போது மற்றச் சொல்லையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு, இதை மட்டும் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டானோ என்று அவளுக்குத் தோன்றும்.

ஆனாலும் அவளுக்கென்று ஒரு கணக்கு இருந்தது. ஒன்று குறைந்தால் மிச்சமிருப்பதும் வீணாகிப் போகிற பொருளுக்குப் பெயர்தான் செட்டு. இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. டீ செட்டுத்தான் சொல்லித் தந்தது. ஆறு கோப்பையும் ஆறு தட்டுமாக, விளிம்பில் நீலக்கொடி ஓடிய செட்டு. தனுஷ்கோடியில் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் திரும்ப அடுக்கத் தெரியாமல் அடுக்கி, ஒரு கோப்பை உடைந்துவிட்டது. "செட்டு கெட்டுப் போச்சே" என்று வாவு முகம்மது அன்று முகம் வாடிப் போனார். விருந்தாளிக்கு ஐந்து கோப்பையை எப்படி எடுத்து வைப்பது? கண்ணாடி அலமாரிக்குள் போனது போனதுதான். மஜீதா வளர்ந்து கல்யாண வயதுக்கு வந்துவிட்டாள். அந்தக் கோப்பைகளில் ஒரு சொட்டு டீ விழுந்ததில்லை.

அந்த மஜீதாவின் கல்யாணத்தில்தான் வந்தது சிக்கல்.

வாவு முகம்மது கொழும்புக் கடையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, இனிப் போவதில்லை என்று ஊருக்கு வந்திருந்த நேரம் அது. மெஹருன்னிசாவுக்குக் கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும், புருஷனோடு தொடர்ந்து ஒரு வருஷம் வாழ்கிற வாழ்வு அப்போதுதான் வாய்த்தது. அவர் காலையில் எப்படி எழுந்திருப்பார், எந்தப் பக்கம் சாய்ந்து உட்காருவார் என்பதையெல்லாம் புதுப்பெண் மாதிரி ஒளிந்து ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு வருகைக்கும் அவர் வாயில் ஒன்றிரண்டு பல் குறைந்துகொண்டே வந்து, இந்தத் தடவை உதட்டை விரிக்காமலே பேசிக்கொண்டிருந்தார்.

வந்த சில மாதத்தில் மதுரைக்குப் போனார். ஒரு செட்டு வாங்கப் போகிறேன் என்று மட்டும்தான் எல்லோரிடமும் சொன்னார். தெருக்காரர்கள் ரேடியோ வருகிறது என்று காத்திருந்தார்கள். அவருடைய தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் பம்பு வருகிறது என்று வாய்க்காலைக்கூடச் சரிபண்ணி வைத்தார். வாவு முகம்மது திரும்பி வந்தபோது கையில் குடையும் துணிப்பையும் தவிர வேறொன்றும் இல்லை. வாய் நிறையப் பல் இருந்தது. மதுரையில் ஒரு சீனாக்காரர் கட்டிக் கொடுத்த பல் செட்டு. தோப்புக்காரர் மட்டும் விடாமல், "செட்டு வந்துருச்சா முதலாளி?" என்று கேட்க, "வந்துருச்சு, வந்துருச்சு" என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். கொழும்புத் தண்ணீர் போய் ஊர்த் தண்ணீர் உடம்பில் ஒட்டியதால் முகம் களையாகிவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது.

மெஹருன்னிசாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். ராத்திரி கழற்றி வைக்க ஒரு பாத்திரம் வேண்டும் என்று அவர் கூச்சத்தோடு கேட்டபோது, அலமாரியைத் திறந்து நீலக்கொடிக் கோப்பை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கெட்டுப்போன செட்டுத்தானே. ஆனால் பல் இல்லாத அவர் முகத்தை அவளும் பார்த்ததில்லை. விளக்கை அணைத்த பிறகுதான் கழற்றுவார். அவள் கண் விழிக்குமுன் மாட்டிக்கொள்வார். பாதி வாழ்க்கையைக் கடலுக்கு அந்தப் பக்கம் கழித்துவிட்டு வந்த மனுஷன், மிச்சப் பாதியிலாவது பொஞ்சாதி கண்ணுக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறார் போல என்று, அவளும் விடிந்த பிறகு கொஞ்ச நேரம் கண்ணை மூடியே கிடப்பாள்.

மஜீதாவுக்குப் பார்த்த மாப்பிள்ளை மதார். தோணித் தண்டல் அகமது கபீரின் மகன். பாய்மரத் தோணியை நடத்திப் போகிற தலைவரைத் தண்டல் என்பார்கள். கபீர் தூத்துக்குடிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடும் தோணியில் தண்டல். மதாரும் அதே தோணியில்தான். கடைக்கார வீட்டுப் பெண்ணைத் தோணிக்கார வீட்டில் கொடுப்பதா என்று சொந்தத்தில் சிலர் மூக்கைச் சுளித்தார்கள். வாவு முகம்மது அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மஜீதாவுக்கோ, அந்தத் தோணி கரை பிடித்துவிட்டதா இல்லையா என்பது அடுக்களையில் இருந்தபடியே தெரியும். எப்படித் தெரியும் என்று மெஹருன்னிசா கேட்டதில்லை.

அந்த ஊர் வழக்கப்படி கல்யாணமானாலும் பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் அங்கே வந்து போவார். அதனால் வீட்டின் மேற்குப் பக்கம் மஜீதாவுக்குப் புது அறை கட்டினார்கள். சிமெண்டுத் தளம் போட்ட கொத்தனார், "செட்டாகட்டும்மா, மிதிச்சுறாதீக" என்று கயிறு கட்டிவிட்டுப் போனார். அந்தச் சொல்லுக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கிறதா என்று மெஹருன்னிசா நினைத்துக்கொண்டாள். மஜீதா தினமும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அந்த ஈரத் தரையைப் பார்த்துவிட்டுப் போவாள்.

அடுத்த பிறையில் நிக்காஹ் என்று பேசி முடிக்கும் விருந்து, கபீர் வீட்டில் நடந்தது. சகன் விருந்து. பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோறும் கறியும் குவித்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து அள்ளிச் சாப்பிடுவது. முதல் சகனில் இரண்டு சம்பந்திகளும் சேர்ந்து கை வைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அன்றைக்கு அகமது கபீர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "வாங்க சம்மந்தி" என்று பக்கத்தில் இடத்தைத் தட்டிக் காட்டினார். வாவு முகம்மது உட்காரவில்லை. வயிறு சரியில்லை, நீங்கள் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு, தள்ளிப் போட்ட நாற்காலியில் போய் உட்கார்ந்து, ஒரு டீயை மட்டும் குடித்தார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் கடைத்தெரு ஆப்பக்கடைக்குள் நுழைந்து, ஆப்பத்தைப் பாலில் ஊறப்போட்டுச் சாப்பிட்டிருக்கிறார். அதை எத்தனை கண் பார்த்ததோ. பிற்பகல் அஸர் தொழுகைக்கு ஜனங்கள் பள்ளிவாசல் போகுமுன் சேதி கபீர் வீட்டுக்குப் போய்விட்டது.

இதெல்லாம் மெஹருன்னிசாவுக்குத் தெரியாது. விருந்து நல்லபடியாக முடிந்தது என்றுதான் அவர் வந்து சொன்னார். ஒரு வாரம் கழித்து, கூத்தையா வாசலில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துப் பிசைந்துகொண்டு நின்றான். வாசல் திரைக்கு உள்ளே நின்று என்னவென்று கேட்டாள்.

"இல்லம்மா, தண்டல் அய்யா ஆள் அனுப்புனாக. கல்யாணத்துக்கு மைக் செட்டு வேண்டாமாம். அந்தத் தேதிய வேற யாருக்கும் குடுத்துக்கன்னு சொல்லிட்டாக. பொண்ணு வீட்டுல கேக்காம நான் எப்படிம்மா குடுக்க?"

தேதியை மாற்றியிருக்கிறார்களா என்று கேட்டாள். மாற்றியதாகத் தெரியவில்லை, தண்டல் அய்யா தோணியைக்கூட அந்தத் தேதிக்குச் சரக்கேற்றப் பேசிவிட்டதாகக் கரையில் சொல்கிறார்கள் என்றான் கூத்தையா. அதைச் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பது போல வாயைத் துண்டால் பொத்திக்கொண்டான். அவனை உட்காரவைத்து மோர் கொடுத்து அனுப்பினாள். தேதியை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே என்றும் சொன்னாள். என்ன தைரியத்தில் சொன்னாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

உள்ளே திரும்பினால், அம்மியடியில் மஜீதா. எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். குழவியை நிறுத்தவில்லை. அரைத்த மசாலாவையே மறுபடி மறுபடி அரைத்துக்கொண்டிருந்தாள்.

"உம்மா, வாப்பாவ ஒண்ணும் கேக்காதீக" என்றாள், தலை நிமிராமல். "இப்பத்தான் வீடு வந்து சேந்துருக்காக."

அவ்வளவுதான் சொன்னாள். அழுதிருந்தால்கூட மெஹருன்னிசா ஆறுதலாக ஏதாவது சொல்லியிருப்பாள்.

கேட்காமல் எப்படி இருப்பது? புது அறையின் வாசலில் நின்று, கயிறு அவிழ்த்த தரையைக் காலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார் வாவு முகம்மது. மைக் செட்டு விஷயத்தைச் சொன்னதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் ஒன்றும் துருவவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். அவராகவே சொல்லத் தொடங்கினார். பல் கட்டிய புதிதில் இறுக்கமாகத்தான் இருந்ததாம். ஈறு வற்ற வற்ற, இப்போது ஆடுகிறதாம். கறியைக் கடித்தால் மேல்வரிசை கழன்று நாக்கில் விழுகிறதாம். நாலு பேர் கை வைக்கிற சகனில், ஊர்ப் பெரிய மனிதர்கள் நடுவில், வாய்க்குள்ளிருந்து அது சோற்றில் விழுந்துவிட்டால்? அவர் சொல்லி முடித்தபோது மெஹருன்னிசாவுக்குத் தன் மேல்தான் கோபம் வந்தது. மூன்று மாதமாக அவர் இடியாப்பம் போதும், கஞ்சி போதும், வட்டலாப்பம் செய்யேன் என்று கேட்டதையெல்லாம், கொழும்பில் பழகிய நாக்கு என்று நினைத்துச் செய்து கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாளே.

"இதத் தண்டல்கிட்டச் சொன்னா முடிஞ்சு போச்சே" என்றாள்.

"என்னன்னு சொல்றது, மெஹரு? எனக்குப் பல்லு இல்லேன்னா? கட்டுனதும் ஆடுதுன்னு ஒங்கிட்டயே சொல்ல முடியலையே."

அவருக்கு நாற்பத்தெட்டோ நாற்பத்தொன்பதோ வயது. கபீருக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். அவர் கரும்பைப் பல்லால் உரித்துத் தின்கிறவர்.

மறுநாள் மெஹருன்னிசா காலையிலேயே ஆட்டுக்கறி வாங்கி வரச் சொன்னாள். அன்று விருந்தில் இருந்ததைப் போலவே நெய்ச்சோறு, எலும்போடு கறி. பரணிலிருந்து பெரிய சகனை இறக்கிப் புளிபோட்டுத் துலக்கினாள். சோற்றைக் குவித்து, கறியை மேலே பரப்பி, வெள்ளைத் துணியால் மூடினாள். சமைத்ததைச் சகனோடு சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது வழக்கம்தான். வேலைக்காரப் பெண் தலையில் வைத்துப் போவாள். அன்று மெஹருன்னிசா புருஷன் பக்கம் திரும்பி, "நீங்கதான் தூக்கிட்டு வரணும்" என்றாள்.

சுருக்கம் இல்லாத சட்டையும் கொழும்புத் தொப்பியுமாக இருந்த மனுஷன் சகனைப் பார்த்தார். கறியைப் பார்த்தார். இதை நான் எப்படித் தின்பது என்று கேட்டார்.

"திங்க வேண்டாம். கைய மட்டும் வைங்க. வாய்க்குள்ள போகாட்டியும் பரவாயில்ல."

மத்தியான ளுஹர் தொழுகை முடிந்து ஜனங்கள் தெருவில் நடமாடும் நேரம். வாவு முகம்மது இரண்டு கையாலும் சகனை ஏந்திக்கொண்டு முன்னே நடந்தார். வெள்ளைத் துப்பட்டியால் தலையோடு போர்த்திக்கொண்டு மெஹருன்னிசா பின்னே நடந்தாள். நிக்காஹுக்கு முன்னால் பெண்ணின் தாய் மாப்பிள்ளை வீட்டு வாசல் ஏறுவதில்லை. அதுவும் அவளுக்குத் தெரியும். கடைத்தெருவில் பேச்சு நின்றது. ஆப்பக்கடைக்காரர் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தார். வாவு முகம்மதின் காது சிவந்திருப்பதைப் பின்னாலிருந்து அவளால் பார்க்க முடிந்தது. ஆனால் நடை நிற்கவில்லை.

கபீரின் மனைவி கனி, கதவைத் திறந்தவள் திகைத்துப் போய் வழியை விட்டாள். மெஹருன்னிசாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு, இரண்டு பெண்களும் திரைக்குப் பின்னால் நின்றார்கள். கூடத்தில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்த அகமது கபீர் எழுந்திருக்கவில்லை. சலாமுக்குப் பதில் சலாம் சொன்னார். அது கடமை. மறுபடி கயிற்றை முறுக்கத் தொடங்கினார்.

வாவு முகம்மது சகனை அவர் முன்னால் தரையில் வைத்தார். துணியை விலக்கினார். எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"என்னத்துக்கு இது?" என்றார் கபீர். "ஒங்க வயிறு இப்பச் சரியாப் போச்சா? அன்னைக்கே ஆப்பக்கடை வாசல்ல சரியாப் போச்சுன்னு சொன்னாகளே."

வாவு முகம்மது வாயைத் திறந்து பதில் சொல்லப் பார்த்தார். வரவில்லை. மெஹருன்னிசா திரைக்குள்ளிருந்து, சொல்லுங்கள், சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மடியில் விரித்தார். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு மேல்வரிசையைக் கழற்றினார். அப்புறம் கீழ்வரிசை. இரண்டையும் கைக்குட்டை மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

மெஹருன்னிசா அவரிடம் இதைக் கேட்டிருக்கவில்லை. வாயால் சொல்வார் என்றுதான் நினைத்திருந்தாள். விளக்கை அணைத்த பிறகும் அவளிடம் மறைத்த முகத்தை, பட்டப்பகலில், வேறொருவர் வீட்டுக் கூடத்தில் வைத்துப் பார்த்தாள். கன்னம் உள்ளே போய், உதடு மடிந்து, மூக்கு கொஞ்சம் நீண்டு, பால்குடிப் பிள்ளை ஒன்றுக்கு வயதாகிவிட்டது போல இருந்தது. இதற்குத்தானா இந்த மனுஷன் இத்தனை நாள் இருட்டில் எழுந்து தடவிக்கொண்டிருந்தார் என்று நினைக்கையில் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. கனி அவள் கையை இறுக்கினாள்.

"மதுரையில கட்டுனது" என்றார் வாவு முகம்மது. பல் இல்லாமல் சொல்லெல்லாம் காற்றாக வந்தது. "பிடிக்க மாட்டேங்குது. ஒங்க சகன்ல விழுந்துருமோன்னு பயம்."

அகமது கபீர் கைக்குட்டையைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார். முறுக்கிய கயிறு கையிலிருந்து தானாகப் பிரிந்துகொண்டிருந்தது.

"இதுக்கா?" என்றார் கடைசியில்.

வாவு முகம்மது தலையாட்டினார்.

"விழுந்தா விழுந்துட்டுப் போகுது. எடுத்துக் கழுவிக் குடுத்துருப்பேன். ஏன் சம்மந்தி, என் மகனுக்கு ஒங்க பல்லையா கட்டி வைக்கப் போறோம்?"

திரைக்குப் பின்னால் கனிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. துப்பட்டி முனையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். கபீர் சிரிக்கவில்லை. கயிற்றைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, செம்புத் தண்ணீரில் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் கடல்ல கிடக்கிறவன்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "தோணியில எல்லாருக்கும் ஒரே சகன். காய்ச்சக்காரன்கூடப் பேருக்கு ஒரு வாய் கை வைப்பான். எவன் ஒருத்தன் பசி இல்லேன்னு தள்ளி உக்காருறானோ, அவன் அடுத்த கரையில இறங்கிப் போகப்போறான்னு அர்த்தம். வாயால சொல்ல மாட்டான். நாங்களும் கேக்க மாட்டோம். அவன் நம்ம செட்டு இல்லேன்னு விட்டுருவோம். எனக்குத் தெரிஞ்சது அதுதான். கொழும்புக்காரர் இறங்கிப் போறாருன்னு நெனச்சேன். நீங்களா வந்து சொல்றதுக்கு முன்னாடி நானே விலகிக்கிட்டா, எம்மகனுக்கு அவமானம் கொஞ்சம் குறையுமேன்னு பாத்தேன்."

மைக் செட்டை நிறுத்தியதற்கும் தோணிக்குச் சரக்குப் பேசியதற்கும் அதுதான் காரணம். ஒருவர் வெட்கப்பட்டு ஒதுங்கினார். இன்னொருவர் அவமானப்பட்டு ஒதுங்கினார். நடுவில் இரண்டு பிள்ளைகள். மதார் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று கனி திரைக்குப் பின்னால் கிசுகிசுத்தாள். மெஹருன்னிசா அம்மியைப் பற்றிச் சொன்னாள்.

"பிஸ்மி சொல்லுங்க" என்றார் கபீர்.

அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி இரண்டு பேரும் ஒன்றாகக் கை வைத்தார்கள். அதன் பிறகு நடந்ததை மெஹருன்னிசா சாகும்வரை மறக்கவில்லை. கபீர் தான் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல், எலும்பிலிருந்து கறியை எடுத்தார். கயிறும் பாயும் பிடித்துக் காய்த்துப்போன அந்தத் தடித்த விரல்களால் அதை நார் நாராக, பூவாகப் பிய்த்தார். நெய்ச்சோற்றோடு சேர்த்துப் பிசைந்தார். பிசைந்ததைச் சம்பந்தி பக்கம் தள்ளினார். வாவு முகம்மது அதை அள்ளி வாயில் போட்டு, ஈறாலேயே மென்றார். கபீர் அடுத்த துண்டை எடுத்தார்.

பாதிச் சகன் காலியானபோது வெளியிலிருந்து மதார் வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான். மாமா வாயைப் பார்க்கிறான், மடியில் இருக்கும் பல்லைப் பார்க்கிறான், வாப்பா முகத்தைப் பார்க்கிறான்.

"ஏலே, என்னத்த வாய்பாத்துக்கிட்டு நிக்கிற" என்றார் கபீர். "உத்தரகோசமங்கைக்குப் போயி கூத்தையாகிட்ட மைக் செட்டு கட்டாயம் வேணும்னு சொல்லிட்டு வா. ரெண்டு குழாயாக் கட்டச் சொல்லு."

மதார் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான்.

அடுத்த பிறையில் நிக்காஹ் நடந்தது. கூத்தையா ஒரு குழாயை மேற்கே பார்த்தும், இன்னொன்றைக் கடலைப் பார்த்தும் கட்டினான். கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் பாட்டுக் கேட்டது. முதல் சகனில் வாவு முகம்மது உட்காரும்போதே பல்லைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து பையில் போட்டுக்கொண்டார். ஊர் பார்த்தது. இரண்டு நாள் பேசியது. மூன்றாம் நாள் கடைத்தெருவில் சின்னப் பல்வலி வந்தவர்கள்கூட அவரைத் தேடி வந்து, மதுரையில் அந்தச் சீனாக்காரர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று ரகசியமாக விசாரித்துப் போனார்கள். தோப்புக்காரர் மட்டும் பம்பு வராது என்று தெரிந்து கொஞ்சம் வருத்தப்பட்டார்.

கல்யாணம் கழிந்து நாலைந்து நாளில், அகமது கபீரும் கனியும் புது மருமகளைப் பார்க்க வந்தார்கள். தரை செட்டாகி, பாய் விரித்து, மஜீதாவின் அறை கமகமவென்று இருந்தது. மஜீதா டீ போட்டாள். எதில் கொடுப்பது என்று உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மெஹருன்னிசா கண்ணாடி அலமாரியைத் திறந்தாள்.

"அது அஞ்சுதானே இருக்கு, மெஹரு" என்றார் வாவு முகம்மது. பல் போடாமல்தான் உட்கார்ந்திருந்தார். வீட்டில் இப்போது அவர் அதை மாட்டுவதே அபூர்வம்.

"அஞ்சு போதும்" என்றாள்.

நீலக்கொடிக் கோப்பைகள் தட்டில் வந்தன. கபீர் கையை நீட்டியவர், பாதியில் நிறுத்தினார். கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கூச்சம் விட்ட பிறகு சம்பந்தியின் வாய்க்குக் காவலில்லாமல் போயிருந்தது. பல் எதில் கிடக்கும் என்ற கதையும் அந்த வாயிலிருந்து எப்போதோ வந்துவிட்டிருக்கிறது.

"இதுல பல்லு கிடந்த கோப்ப எது, சம்மந்தி?"

வாவு முகம்மது விழித்தார். கோப்பையெல்லாம் ஒரே மாதிரி நீலக்கொடி. ஒரே மாதிரி ஆவி பறந்தது. "தெரியலையே" என்றார். "மெஹரு கழுவி அடுக்கிட்டா."

கபீர் யோசிக்கவில்லை. கைக்கு எட்டியதை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். "இனிப்பாத்தான் இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்; மஜீதாவும், கதவோரம் நின்ற மதாரும்கூட.

மெஹருன்னிசாவுக்கு மட்டும் எது என்று தெரியும். விளிம்பில் நகக்கண் அளவு கொடி தேய்ந்திருக்கும் கோப்பை. அதைத் தட்டில் வைக்காமல் தனக்கென்று அடுக்களையிலேயே வைத்திருந்தாள். தட்டில் போனது நாலு கோப்பையும், வாவு முகம்மதுக்கென்று ஒரு பித்தளைத் தம்ளரும்தான். ஒரு கோப்பை குறைந்ததை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. கூடத்தில் இரண்டு சம்பந்திகளும் தூத்துக்குடிக் காற்றைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள். அவள் அடுப்போரம் குந்தி, தன் கோப்பையில் டீயை ஊற்றி, ஆற அமரக் குடித்தாள்.